பெருங்களத்தூர் ரோட்டுல முதலை: செய்தி உண்மையா பொய்யான்னு பாக்க நான் கத்துக்கிட்டது

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ, பெருங்களத்தூர் நெடுங்குன்றம் பக்கம் ராத்திரி நேரத்துல ஒரு முதலை ரோட்ட கடந்து போற வீடியோ ஒன்னு சுத்துச்சே, நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். காருக்குள்ள இருந்து எடுத்தது, ஹெட்லைட் வெளிச்சத்துல அது பாட்டுக்கு போயிட்டு இருக்கும். உலகம் பூரா பாத்துட்டாங்க அத. நான் குடியிருக்கறது பெருங்களத்தூர்லதான், அந்த ரோட்டுல எத்தனையோ தடவ வண்டில போயிருக்கேன், அதனால எங்க ஏரியாவுல அந்த செய்தி எப்படி வந்துச்சு, யாரு எப்படி எடுத்துக்கிட்டாங்க, அதுல எது உதவுச்சு எது கெடுத்துச்சுன்னு கொஞ்சம் விரிவா எழுதறேன். மழைக்காலம் வருஷா வருஷம் வரத்தான போகுது, யாருக்காவது பயன்படும்.

டிசம்பர் 3 ஞாயித்துக்கிழமையே மழை புடிச்சிடுச்சு, 4ஆம் தேதி சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நாலு மாவட்டத்துக்கும் லீவு விட்டுட்டாங்க, ஏர்போர்ட் ரன்வேல தண்ணி நின்னு விமானமே ஓடல. எங்க பக்கம் கரண்ட் கட், சிக்னல் வந்தா வருது போனா போகுது, லிப்ட் கிடையாது, போன்ல சார்ஜ் எல்லாரும் எண்ணி எண்ணி செலவு பண்ணிட்டு இருந்தோம். அந்த நேரத்துலதான் அபார்ட்மெண்ட் குரூப்ல இந்த வீடியோ வந்து விழுந்துச்சு.

விழுந்த உடனே குரூப் ரெண்டா பிரிஞ்சிடுச்சு. ஒரு பக்கம் "வண்டலூர் ஜூ காம்பவுண்ட் செவுரு இடிஞ்சிடுச்சாம், முதலை மட்டும் இல்ல எல்லாமே வெளிய வந்துடுச்சாம், யாரும் கதவ தெறக்காதீங்க". இன்னொரு பக்கம் "இது பக்கா வதந்தி, 2015லயும் இதேதான் சொன்னாங்க, தயவு செஞ்சு பார்வர்ட் பண்ணாதீங்க". ரெண்டாவது பக்கம் பேசினவங்க படிச்சவங்க, பொறுப்பானவங்க, பொய் செய்தி பரவக்கூடாதுன்னு உண்மையிலயே அக்கறை உள்ளவங்க. ஆனா அன்னிக்கு அவங்க சொன்னதும் தப்பாதான் போச்சு. ஏன்னா முதலை நெஜம்.

இதுதான் எனக்கு இன்னி வரைக்கும் மனசுல நிக்குது. 2015ல பொய்யா இருந்த அதே மாதிரி செய்தி 2023ல உண்மையா வந்துச்சு. "ஏற்கனவே ஒரு தடவ பொய்யாச்சு, அதனால இப்பவும் பொய்"ங்கறதும் ஒரு வகைல கண்ண மூடிட்டு நம்பறதுதான். அப்ப எத வெச்சு முடிவு பண்றது? அத சொல்ல 2015க்கு போகணும்.

2015 டிசம்பர் வெள்ளத்தப்போ நான் சைதாப்பேட்டைல சித்தி வீட்டுல மாட்டிக்கிட்டேன். டிசம்பர் 1 ராத்திரி செம்பரம்பாக்கத்துல இருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணி தெறந்து விட்ட சமயம், அடையாறு கரைய தாண்டி தெருவுக்குள்ள ஏறிடுச்சு. போன் எதுவும் வேல செய்யல, மறுநாள் இந்து பேப்பர் கூட அச்சாகல, 1878ல இருந்து வந்துட்டு இருந்த பத்திரிகை வெள்ளத்தால அன்னிக்கு நின்னு போச்சுன்னா நிலைமைய பாத்துக்குங்க. செய்தின்னு வந்ததெல்லாம் மொட்ட மாடில இருந்து மொட்ட மாடிக்கு கத்தி சொன்னதுதான். அப்படி வந்ததுல ஒன்னுதான் "ஈசிஆர் முதலைப் பண்ணை ஒடஞ்சு முதலை எல்லாம் ஆத்துல வந்துடுச்சு". எதுத்த வீட்டுல ஒரு பெரியவர், சுகர் பேஷண்ட், மாத்திரை தீந்து போயிருந்துச்சு. மீன்பிடி படகு கொண்டு வந்த தம்பிங்க "தாத்தா எறங்குங்க, இடுப்பளவுதான், நாங்க புடிச்சுக்கறோம்"னு கெஞ்சறாங்க, அவரு அந்த முதலை பேச்சக் கேட்டுட்டு படிய விட்டு எறங்கவே மாட்டேங்கறாரு. படகு வேற தெருவுக்கு போயிட்டு சாயங்காலம் திரும்பி வந்துதான் அவர கூட்டிட்டு போச்சு. நல்லவேளையா ஒன்னும் ஆகல. ஆனா ஒரு பொய் செய்தி ஒரு மனுஷன மருந்து இல்லாம அரை நாள் உக்கார வெச்சத நான் கண்ணால பாத்தேன், அதனால "வதந்திதான, விடுங்க"ன்னு என்னால சாதாரணமா சொல்ல முடியல.

அந்தப் பண்ணைல இருந்து எதுவும் தப்பிக்கலன்னு அவங்களே தெளிவா சொல்லிட்டாங்க. ஆனா அவங்க சொல்றதுக்கு முன்னாடியே கொஞ்சம் யோசிச்சா தெரிஞ்சிருக்கும். பாம்பு, முதலை ஆராய்ச்சி பண்ற ரோமுலஸ் விட்டேகர் 1976ல ஆரம்பிச்ச பண்ணை அது, இருக்கறது ஈசிஆர்ங்கற கிழக்கு கடற்கரை சாலைல வடநெம்மேலில, சென்னைல இருந்து தெக்கால கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், கடலோரமா. அடையாறு வர்றது ஆதனூர் பக்கத்துல இருந்து, தாம்பரத்துக்கு மேற்கால சுத்தி, மணப்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியா கடலுக்கு போகுது. வடநெம்மேலி தண்ணி எந்த வழியாவும் சைதாப்பேட்டைக்கு வராது. அங்க இருந்து ஒரு முதலை தப்பிச்சாலும் அது பக்கத்துலதான் சுத்தும், 40 கிலோமீட்டர் தாண்டி ஆத்துல மேல ஏறி வந்து சித்தி வீட்டு தெருவுல நிக்காது.

இப்ப 2023க்கு வாங்க. அந்த வீடியோவோட வந்த இடம் பேரு என்ன? நெடுங்குன்றம். நெடுங்குன்றத்துல என்ன இருக்கு? பெரிய ஏரி இருக்கு, பின்னாடியே மலையும் வண்டலூர் காடும் இருக்கு. மழை எப்படி? ஏரி நெரம்பி வழியற அளவுக்கு. அப்ப ஏரிக்குள்ள இருக்கற ஒரு பிராணி தண்ணி ஏற ஏற மேட்டுக்கு வர்றது நடக்கக்கூடிய விஷயம். 2015 செய்தி நெலத்தோட பொருந்தல, 2023 செய்தி பொருந்துது. எங்க, எப்ப, அங்க என்ன இருக்கு, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு கேட்டுப் பாத்தா ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் கூகுள் இல்லாமலே தெரியும்.

ஆனா நான் முதல்ல போனது எங்க வாட்ச்மேன் அண்ணன்கிட்டதான். அவரு சொந்த ஊரு நெடுங்குன்றம். டார்ச் வெளிச்சத்துல கேட்டுல தண்ணி ஏறாம மணல் மூட்டை அடுக்கிட்டு இருந்தாரு. "அண்ணே, முதலை வீடியோ பாத்தீங்களா, நெஜமா இருக்குமா"ன்னு கேட்டேன். நிமிர்ந்து கூட பாக்கல. "அது எங்க ஏரிலதான சார் இருக்கு, ரொம்ப வருஷமா இருக்கே, ஆடு மேய்க்கறவங்க எல்லாரும் பாத்திருக்காங்க. மழைக்கு மேல வந்திருக்கும். போயிடும்." அவ்ளோதான். எங்களுக்கு தலை வெடிக்கற செய்தி, அவருக்கு தெரிஞ்ச பக்கத்து வீட்டுக்காரரு வெளிய வந்த மாதிரி.

மறுநாள் சிக்னல் கொஞ்சம் வந்தப்பதான் வனத்துறை செயலரா இருந்த சுப்ரியா சாஹு மேடம் போட்ட பதிவ பாத்தோம். சென்னைல சில நீர்நிலைகள்ல இந்த வகை முதலைங்க இருக்கு, கூச்ச சுபாவம் உள்ளது, மனுஷங்கள விட்டு ஒதுங்கித்தான் இருக்கும், மழைல ஏரி நெரம்பினதால வெளிய வந்திருக்கு, நீர்நிலை பக்கம் போகாதீங்க, சீண்டாம விட்டா பயம் இல்லன்னு விளக்கமா சொல்லியிருந்தாங்க. வாட்ச்மேன் அண்ணன் ரெண்டு வரில சொன்னதும் இதுவும் ஒன்னுதான். அதிகாரபூர்வ தகவல் கண்டிப்பா வேணும், அதுக்குதான் காத்திருக்கணும், ஆனா அது வர்ற வரைக்கும் அந்த மண்ணுல பொறந்து வளந்த ஒருத்தர்கிட்ட கேக்கறத விட நல்ல வழி எனக்கு தெரியல. அபார்ட்மெண்ட்ல 100 பேரு இருந்தாலும் எல்லாரும் வேற ஊர்ல இருந்து வந்தவங்களா இருந்தா எல்லாரும் சேந்து ஊகம்தான் பண்ண முடியும்.

அந்த முதலைய பத்தியும் கொஞ்சம் சொல்லிடறேன், நெறைய பேரு தப்பா புரிஞ்சு வெச்சிருக்காங்க. இங்க இருக்கறது மக்கர்னு சொல்ற சதுப்புநில முதலை, ஏரி, குளம், ஆறுன்னு நல்ல தண்ணில வாழறது. தரைல நல்லாவே நடக்கும், ஒரு குளம் ஒத்து வரலன்னா இன்னொரு குளத்துக்கு ராத்திரி நடந்தே போயிடும், கரைல வளை தோண்டி உள்ள படுத்துக்கும். அது நம்மள தேடி வீட்டுக்குள்ள வர்றதில்ல. அதுக்காக ஆபத்தே இல்லன்னு நெனச்சுடக்கூடாது, இந்தியாவுல மக்கர் மனுஷங்கள கடிச்சு எறந்து போனதும் நடந்திருக்கு, பெரும்பாலும் தண்ணி ஓரத்துல குளிக்கறப்ப, துணி துவைக்கறப்ப, மீன் புடிக்கறப்ப. கோடைக்கு கொஞ்சம் முன்னாடி முட்ட வைக்கற காலத்துல கூட்டு பக்கம் யாரு போனாலும் தாய் முதலை சும்மா விடாது. இன்னொன்னு, கோழிக்கடை கழிவு மூட்டைய ஏரிக்கரைல கொட்றாங்க பாருங்க, அது நாயையும் இழுக்கும் நாய்க்கு பின்னாடி மத்ததையும் இழுக்கும். முதலை பயம் உள்ள ஊர்ல முதல்ல நிறுத்த வேண்டியது அதத்தான். வன உயிரின பாதுகாப்பு சட்டம் 1972ல இது முதல் அட்டவணைல இருக்கு, அடிச்சாலோ புடிச்சு கட்டி போட்டாலோ ஜெயில்தான், "நாங்களே புடிச்சிட்டோம்"னு போட்டோ போடறவங்க அத தெரிஞ்சுக்கணும்.

சரி, அன்னிக்கு நாங்க என்ன பண்ணோம். குரூப்ல 200 மெசேஜ் ஓடிட்டு இருந்தா அதுல எது உண்மைன்னு யாருக்கும் தெரியாது, சார்ஜும் போகும். நானும் மூணாவது மாடி அக்காவும் பேசி ஒரே ஒரு மெசேஜ் எழுதினோம்: "நெடுங்குன்றம் ஏரில முதலை இருப்பது உண்மை, பல வருஷமா இருக்கு. ஜூ உடைஞ்சதா எந்த தகவலும் இல்ல. ஏரி ரோட்டுல ராத்திரி நடந்தோ டூவீலர்லயோ போக வேண்டாம். பாத்தா தூரமா நின்னு வனத்துறைக்கோ 112க்கோ சொல்லுங்க, கல் எறியாதீங்க. புது தகவல் வந்தா இதே மெசேஜ் கீழ போடறோம், மத்தத பார்வர்ட் பண்ண வேண்டாம்." எழுதினது எப்ப, யாரு சொல்லி தெரிஞ்சுதுன்னும் கீழ போட்டோம். இந்த நேரம் போடறது ரொம்ப முக்கியம்ங்க, ஏன்னா இந்த மாதிரி மெசேஜ் ஆறு மாசம் கழிச்சு வேற ஊர்ல வேற மழைல திரும்பி சுத்தும், தேதி இருந்தா அங்கயே நின்னுடும். அதோட அதயே ஒரு பேப்பர்ல பெருசா தமிழ்ல எழுதி கேட்டுல ஒட்டினோம்.

கேட்டுல ஒட்டணும்னு சொன்னது அந்த அக்காதான். காரணம் கேட்டப்பதான் எனக்கு ஒரைச்சுது. குரூப்ல இருக்கறது பிளாட் ஓனருங்களும் வாடகைக்கு இருக்கறவங்களும். நாலாவது அஞ்சாவது மாடில உக்காந்து இருக்கற நமக்கு முதலையால என்ன ஆகப்போகுது? விடியக்காலம் இருட்டுல ஏரிக்கரை ஓரமா நடந்து வர்றது வீட்டு வேலைக்கு வர்ற அம்மாங்க, பால் போடற தம்பி, பேப்பர் போடற பையன். செய்தி யாருக்கு வேணுமோ அவங்கள தவிர மீதி எல்லாருக்கும் போயி சேந்திருந்துச்சு.

எங்க பிளாக்ல வேலை செய்யற அம்மா ரெண்டு மூணு நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சதுக்கப்புறம் வந்தாங்க. வந்ததுல இருந்து ஒவ்வொரு வீட்லயும் அதே கேள்வி, "முதலைய பாத்தியா, பயமா இல்லயா". எங்க வீட்டுக்கு வந்தப்ப சொன்னாங்க: "எங்களுக்கு தெரியும்மா, அந்த ஓரமா போக மாட்டோம், புள்ளைங்கள எறங்க விட மாட்டோம். எல்லாரும் முதலைய பத்தி கேக்கறீங்க, எங்க வீட்ல தண்ணி ஏறி அரிசி மூட்டை போச்சு, புள்ளையோட புக்கு போச்சு, அத யாரும் கேக்கல." என் மனைவிகிட்டதான் சொன்னாங்க, நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். அன்னிக்கு சாயங்காலமே குரூப்ல அத அப்படியே எழுதிப் போட்டோம், அரிசி, பாய், ஸ்கூல் புக்குன்னு ஒரு வாரத்துக்குள்ள சேந்துச்சு. முதலை வீடியோ பாத்தவங்க எண்ணிக்கைல ஒரு துளி பேரு அந்த தெருவுல தண்ணி ஏறினத பாத்திருந்தாலே அன்னிக்கு ராத்திரியே சாப்பாடு போயிருக்கும்.

இன்னொரு விஷயம், வேடிக்கை பாக்கப் போறவங்க. வீடியோ வந்த அன்னிக்கு எங்க தெரு பசங்க பைக்க எடுத்துட்டு முதலைய தேடி கெளம்பிட்டாங்க. மழை கொட்டுது, ரோட்டுல முழங்கால் தண்ணி, மழைநீர் கால்வாய் மூடி எங்க தெறந்திருக்குன்னு தெரியாது, கரண்ட் கம்பி எங்க அறுந்து கெடக்குன்னு தெரியாது. முதலை அவங்கள ஒன்னும் பண்ணியிருக்காது, அந்த தண்ணி பண்ணியிருக்கும். வாட்ச்மேன் அண்ணன் கேட்ட பூட்டிட்டாரு, அவங்க கத்தினாங்க, அவரு சாவிய குடுக்கல. அவருக்கு நான் இன்னிக்கும் நன்றியோட இருக்கேன்.

சில அம்மாங்க "நல்லதுதான், முதலைன்னு சொன்னா குழந்தைங்க தண்ணில எறங்காது"ன்னு சொன்னாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. முதலை பயம் ஒரு வாரத்துல போயிடும், தெறந்த கால்வாய் அடுத்த மழைக்கும் அங்கயேதான் இருக்கும். என் பொண்ணுகிட்ட நான் முதலைய பத்தி உள்ளத உள்ளபடி சொன்னேன், கூடவே தண்ணிக்கு அடில குழி இருந்தா கண்ணுக்கு தெரியாது, கம்பத்துல கை வைக்கக்கூடாதுன்னும் சொன்னேன். ஆறு வயசு குழந்தைக்கு அது நல்லாவே புரியுது.

போன் நம்பர் விஷயமும் சொல்லணும், அன்னிக்கு இதுல ரொம்ப நேரம் வீணாச்சு. எல்லாரும் 1913க்கு அடிச்சுட்டு இருந்தாங்க. அது சென்னை மாநகராட்சி நம்பர். பெருங்களத்தூர் 2021ல இருந்து தாம்பரம் மாநகராட்சி, மாவட்டம் செங்கல்பட்டு. சென்னைன்னு நாம சொல்லிக்கறோம், ஆனா ஆபத்து நேரத்துல எந்த மாநகராட்சி, எந்த மாவட்டம்னு தெரியலன்னா தப்பான எடத்துல லைன்ல காத்துட்டு இருப்போம். மாவட்ட பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இதையும் தாம்பரம் மாநகராட்சி நம்பரையும் போன்ல மட்டும் வெச்சிருக்காதீங்க, எழுதி கதவுக்கு பின்னாடி ஒட்டுங்க, போன் செத்துப்போனா பக்கத்து வீட்டு போன்ல இருந்து அடிக்கலாம்.

அதே ராத்திரில முதலைய விட அதிகமா பயமுறுத்தின செய்தி "செம்பரம்பாக்கம் ஒடஞ்சிடுச்சு". ஒவ்வொரு பெரிய மழைக்கும் இது வரும். 2015லயே அந்த ஏரி ஒடயல, தெறந்துதான் விட்டாங்க. முழு கொள்ளளவு 24 அடி, 3,645 மில்லியன் கன அடி, அதுக்கு முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமா தெறப்பாங்க, எவ்வளவு தெறக்கறாங்கன்னு அறிவிப்பு வரும். இதுல எங்க பக்கத்து ஆளுங்க கவனிக்க வேண்டிய ஒன்னு இருக்கு. செம்பரம்பாக்கம் உபரி தண்ணி அடையாத்துல கலக்கறது திருநீர்மலை பக்கத்துல. முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அதுக்கு மேல இருக்கு. அங்க வீட்டுக்குள்ள தண்ணி வர்றது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிங்க நெரம்பி வர்றதால. முடிச்சூர்ல இருக்கற என் நண்பன் ராத்திரி பூரா செம்பரம்பாக்கம் நெலவரத்தையே பாத்துட்டு இருந்தான், நான்தான் போன் பண்ணி "டேய் அத விடு, ஆதனூர் பக்கம் என்ன நெலவரம்னு கேளு, பைக்க மேட்டுல ஏத்து"ன்னு சொன்னேன். ஏத்தினான், விடியறதுக்குள்ள அவன் தெருவுல தண்ணி வந்துடுச்சு. நம்ம வீட்டுக்கு வர்ற தண்ணி எந்த ஏரில இருந்து எந்த கால்வாய் வழியா வருதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை வெயில் காலத்துல நடந்து போயி பாத்துட்டு வாங்க, மழைக்காலத்துல வர்ற பாதி செய்திய அதுவே சலிச்சு குடுத்துடும்.

இப்ப நாங்க ஏரி ரோட்டுல தெருவிளக்கு வேணும், கரையோரம் எச்சரிக்கை போர்டும் தடுப்பும் வேணும், கோழிக்கழிவு கொட்றத நிறுத்தணும்னு மனு எழுதிட்டு இருக்கோம். நெடுங்குன்றம் ஆளுங்கதான் முன்னாடி நிக்கறாங்க, வாட்ச்மேன் அண்ணனோட தம்பி வீடு வீடா போறாரு. அந்த ரோட்டுல தெனம் போயிட்டு வர்றவங்க யாராவது இத படிச்சீங்கன்னா கையெழுத்து போட வாங்க, பேரும் தெருவும் போதும்.